மழையில் கரைந்த மாங்காய் உறை: ஈரம் தாங்கும் தாள் வாங்குகிறவர்களுக்கு என் அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்துக்கு அருகே, வீட்டை ஒட்டிய கொட்டகையில், மாங்காய்க்குக் கட்டும் தாள் உறைகளைச் செய்து தோட்டக்காரர்களுக்கு விற்று வருகிறேன். கடந்த பருவத்தில், நனைந்தாலும் கிழியாது என்று உறுதி கூறி விற்கப்பட்ட தாளை வாங்கி நான் செய்து கொடுத்த உறைகள், முதல் பெரிய கோடை மழையிலேயே மரத்தில் கூழாகிப் போயின. அதனால் எனக்கு ஏறத்தாழ ₹1,90,000 இழப்பு. வெறும் தாளை ஈரம் தாங்கும் தாள் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள் என்றுதான் முதலில் கொதித்தேன். விசாரிக்க விசாரிக்க, அந்தத் தாளில் ஈரம் தாங்குவதற்கான மருந்து உண்மையாகவே சேர்க்கப்பட்டிருந்தது என்பதும், ஆனால் அது சில நிமிட ஈரத்துக்கு உரிய மருந்தே தவிர மரத்தில் இரண்டு மாதம் தொங்கும் உறைக்கு உரியது அல்ல என்பதும் தெரியவந்தன. இந்த வேறுபாட்டை விற்றவரும் சொல்லவில்லை, தாளோடு வந்த சான்றும் சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்தில் உறை செய்யத் தொடங்கியிருக்கும் மற்றவர்களுக்கும், நாற்றுப் பைகளுக்கும் பூக்கட்டுச் சுற்றுத் தாளுக்கும் குளிர்அறைப் பெட்டிகளுக்கும் தாள் தேடுகிறவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து மாந்தோப்புகளில் பெரும்பகுதி மாம்பழக் கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரகக் காய்தான். அதற்கு உறை கட்ட வேண்டிய தேவை இல்லை. அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா போன்ற பழங்களை முகம் கெடாமல் நேரடியாகச் சந்தைக்கு அனுப்ப விரும்புகிறவர்கள்தாம் உறை கட்டுகிறார்கள். காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் உறையை நுழைத்துக் காம்போடு சேர்த்து மெல்லிய கம்பியால் முறுக்கிவிட்டால், பழ ஈ அண்டாது, கிளையில் உரசித் தோல் கீறாது, பால் வழிந்த கறையும் பூச்சிமருந்துத் தடமும் குறையும். நெகிழியில் கட்டினால் உள்ளே வியர்த்துக் காய் அழுகும் என்பதால் மூச்சுவிடும் தாள்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாள் ஏறத்தாழ இரண்டு மாதம் வெயிலிலும் காற்றிலும், ஏப்ரல் மே மாதங்களில் சுழற்றியடிக்கும் கோடை மழையிலும் தாங்க வேண்டும். ஒரே இரவில் நனைந்து, மறுநாள் காய்ந்து, அடுத்த வாரம் மீண்டும் நனையும். இந்தத் தேவையை நான் தாள் விற்றவரிடம் தெளிவாகவே சொல்லியிருந்தேன். உறையையும் கையில் கொடுத்துக் காட்டினேன்.

அவர் கொண்டுவந்தது 55 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 55 கிராம் எடையுள்ள, பழுப்புக் கிராஃப்ட் தாள். மில்லின் சோதனைச் சான்று ஒன்றையும் இணைத்திருந்தார். அதில், தாள் தண்ணீரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் காப் மதிப்பு நன்றாகவே இருந்தது. நானும் மாதிரித் தாளைப் பட்டையாகக் கத்தரித்து, எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் சில நிமிடங்கள் ஊறவிட்டு, இரு கையாலும் இழுத்துப் பார்த்தேன். சாதாரணக் கிராஃப்ட் பட்டையையும் அதே டம்ளரில் போட்டு எடுத்து இழுத்தேன். சாதாரணத் தாள் உடனே அறுந்தது; இவர் கொடுத்தது விறைப்பாக நின்றது. நகைக்கடன் வைத்து, வரியுடன் ₹94,000 கொடுத்து, ஒரு டன்னுக்குச் சற்று அதிகமாகத் தாள் எடுத்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் பிப்ரவரி முழுவதும் உட்கார்ந்து மடித்து ஒட்டினார்கள். கூலிக்கும் பசைக்கும் கம்பிக்கும் சேர்த்து ₹41,000 ஆயிற்று. பங்குனி முடிவதற்குள் உறைகள் மரமேறிவிட்டன.

சித்திரையில் ஒரு மாலை, காற்றோடு பெய்த மழை இரவு முழுவதும் தூறலாக நீண்டது. விடிந்ததும் போச்சம்பள்ளிப் பக்கத்துத் தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “என்னம்மா, நீ குடுத்த கவரெல்லாம் காயிலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்குது, வந்து பாரு” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. போய்ப் பார்த்தபோது, காம்பில் முறுக்கிய கம்பியும் அதைச் சுற்றி ஒரு விரற்கடைத் தாளும் மட்டும் மிஞ்சியிருந்தன. அடிப்பகுதி பிரிந்து காயின் தோலோடு அப்பிக்கொண்டிருந்தது. ஓர் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கிழியும் சத்தமே இல்லாமல் தாள் விரலோடு வந்தது. பிரிந்த விளிம்பு பஞ்சு போல நார் நாராக நின்றது. ஒட்டியிருந்த இடத்தில் எறும்பு ஏறியிருந்தது, தோலில் பழுப்புக் கறையும் இறங்கியிருந்தது. அதே மழையில் மூன்று தோட்டங்களில் இந்த நிலைதான். இரண்டு தோட்டக்காரர்களுக்கு வேறிடத்தில் ஆயத்த உறை வாங்கிக் கொடுத்ததில் எனக்கு மேலும் ₹55,000 போயிற்று. மூன்றாமவர், இனி கட்டி என்ன பயன் என்று விட்டுவிட்டார். அன்று முதல் சில வாரங்கள் எனக்குச் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இல்லை. யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. தாள் விற்றவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

தாள் ஏன் நனைந்தால் கிழிகிறது என்ற இடத்திலிருந்து நான் படிக்கத் தொடங்கினேன். தாளில் நார்களைப் பிடித்து வைத்திருப்பது பசை அல்ல; காயும்போது செல்லுலோஸ் நார்களுக்கு இடையே உண்டாகும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தாம். தண்ணீர் உள்ளே நுழைந்ததும் அந்தப் பிணைப்புகள் விடுபட்டுவிடுகின்றன. மருந்து சேர்க்காத தாள் முழுமையாக நனைந்தால், உலர்ந்த நிலையில் இருந்த வலிமையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கே மிஞ்சும். நனைந்த பிறகும் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சினால்தான் அதை ஈர வலிமை (வெட் ஸ்ட்ரெங்த்) தாள் என்று சொல்வது வழக்கம். அந்த வலிமையைக் கொடுப்பவை, தாள் செய்யும் கூழில் மிகச் சிறிய அளவில், பெரும்பாலும் நாரின் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகச் சேர்க்கப்படும் குறுக்குப் பிணைப்பு ரெசின்கள். அவை நார்கள் சந்திக்கும் இடங்களில், தண்ணீரால் எளிதில் அவிழ்க்க முடியாத வேதிப் பிணைப்புகளை உண்டாக்குகின்றன. தேநீர்ப் பை வெந்நீரில் பிரியாமல் இருப்பதும், காகிதக் கைத்துண்டு ஈரக் கையைத் துடைக்கும்போது உதிராமல் இருப்பதும் இவற்றால்தான்.

இங்கேதான் முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். காப் மதிப்பு என்பது குறிப்பிட்ட நேரத்தில், வழக்கமாக ஒரு நிமிடத்தில், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் தண்ணீரை உறிஞ்சுகிறது என்ற அளவு. ஏ.கே.டி. போன்ற சைசிங் மருந்து போட்டால் அது குறையும், ஏனெனில் அந்த மருந்து தண்ணீர் நுழைவதைத் தாமதப்படுத்துகிறது. நுழைந்த பிறகு தாள் தாங்குமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நல்ல காப் மதிப்பு உள்ள தாள் ஒரு நிமிடத்தில் நனையாது. ஓர் இரவில் நனைந்துவிடும். எனக்குக் கொடுக்கப்பட்ட சான்றில் ஈர இழுவலிமை, அதாவது நனைந்த தாள் எவ்வளவு இழுப்பைத் தாங்கும், என்ற வரியே இல்லை என்பதை, இது தெரிந்த பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். டம்ளர் சோதனையில் அந்தப் பட்டை விறைப்பாக நின்றதற்கும் இது ஒரு காரணம்: சைசிங் போட்ட தாள் சில நிமிடங்களில் உள்ளுக்குள் முழுவதும் நனைந்திருக்கவே இல்லை. ஆகவே சோதிக்கிறவர்கள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோப்புத்தூள் கலந்துகொள்ள வேண்டும், அல்லது இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். தாள் கறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு ஊறிய பிறகு இழுத்தால்தான் உண்மை தெரியும்.

மிச்சமிருந்த ரீலிலிருந்து தாளைச் சென்னையில் ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். ஒரே தாளை வெவ்வேறு நேரம் ஊறவைத்து இழுவலிமை எடுத்துத் தரும்படி கேட்டேன். சற்று நேரம் ஊறிய பட்டையில் 17 விழுக்காடு வலிமை மிஞ்சியிருந்தது. ஒரு நாள் ஊறிய பட்டையில் ஐந்தும் தேறவில்லை. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. தாள் ஈரம் தாங்கியது, ஆனால் நேரம் தாங்கவில்லை. அறிக்கையை வைத்துக்கொண்டு மில்லுக்கு நேரடியாகப் பேசினேன். தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர், என்ன ரெசின் என்று நான் பெயரோடு கேட்டதும் மறைக்காமல் சொன்னார்: “கிளையாக்சல் சேர்த்த பாலி அக்ரிலமைடு மேடம், அட்டை ரகத்துக்குப் போடுறது. கொஞ்ச நேரத்துக்கு வெட் ஸ்ட்ரெங்த் வரும். ரெண்டு மாசம் வெளியில தொங்கப்போகுதுன்னு எங்ககிட்ட யாரும் சொல்லலையே.” நான் விற்பனையாளரிடம் சொன்னது மில் வரை போகவே இல்லை.

அந்த ரெசின் கெட்டது அல்ல. அது நாரின் ஹைட்ராக்சில் குழுக்களோடு அரை அசெட்டால் என்ற வகைப் பிணைப்பை உண்டாக்குகிறது. இந்தப் பிணைப்பு தண்ணீரில் நேரம் ஆக ஆக மீண்டும் அவிழும். காரத்தன்மை இருந்தால் இன்னும் விரைவாக அவிழும். குளியலறைத் தாள் பயன்படுத்தும்போது உறுதியாக இருந்து, கழிவுநீரில் போனதும் கரைய வேண்டும் என்பதால் அங்கே இந்தக் குணமே வேண்டப்படுகிறது. தாள் இயந்திரத்தை விட்டு வெளியே வந்த உடனேயே வலிமை கிடைக்கிறது, கழிவுத் தாளை மீண்டும் கூழாக்குவதும் எளிது என்பதால் பெட்டி அட்டை மில்களும் இதை விரும்புகின்றன. நிலையான ஈர வலிமை வேண்டுமென்றால் வேறு குடும்பத்துக்குப் போக வேண்டும். யூரியா ஃபார்மால்டிஹைடு ரெசின்கள் 1930களிலிருந்தும், மெலமைன் ஃபார்மால்டிஹைடு அதற்குச் சற்றுப் பின்னரும் பயன்பாட்டுக்கு வந்தவை. இரண்டுக்கும் கூழ் அமிலத்தன்மையில் இருக்க வேண்டும். இன்று பெரும்பாலும் பயன்படுவது, அமெரிக்காவின் ஹெர்குலிஸ் நிறுவனத்தில் கெய்ம் என்பவர் உருவாக்கி 1960இல் காப்புரிமை பெற்ற பாலி அமைடு அமீன் எபிகுளோரோஹைட்ரின். மில்களில் பி.ஏ.இ. என்பார்கள். இது நடுநிலை முதல் மெல்லிய காரத்தன்மை வரையுள்ள கூழில் வேலை செய்கிறது. நாரின் கார்பாக்சில் குழுக்களோடும் தன்னுடைய அமீன் குழுக்களோடும் சகப்பிணைப்பாகக் கைகோத்து, நார்ச் சந்திப்புகளைச் சுற்றி ஒரு வலையாக இறுகிவிடுகிறது. அந்த வலை சாதாரணத் தண்ணீரில் இலகுவாக அவிழாது.

ஆகவே தாள் வாங்கப் போகிறவர்கள் “வெட் ஸ்ட்ரெங்த் இருக்கிறதா” என்று மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எந்த ரெசின், நாரின் எடைக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஊறவைத்து அளந்தீர்கள், உலர்வலிமையில் எத்தனை விழுக்காடு நிற்கிறது என்று கேளுங்கள். கூழ் எதிலிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். ரெசின் நேர்மின் தன்மை உடையது. நார் எதிர்மின் தன்மை உடையது என்பதால்தான் அது நாரில் ஒட்டுகிறது. பழைய பெட்டிகளைக் கரைத்து எடுத்த கூழில், கரைந்து மிதக்கும் எதிர்மின் அழுக்குகள் மிகுதி. அவை ரெசினை நாருக்குப் போகவிடாமல் தாங்களே பிடித்துக்கொள்ளும். ஆகவே அதே அளவு மருந்து போட்டாலும் புதுக் கூழில் கிடைக்கும் வலிமை கழிவுக் கூழில் கிடைப்பதில்லை. மருந்தின் வயதும் முக்கியம். பி.ஏ.இ. ரெசின் பீப்பாயில் இருக்கும்போதே மெல்லத் தனக்குள் பிணைந்து கெட்டியாகும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம்.

இரண்டாம் முறை வேறு ஒரு மில்லில், பி.ஏ.இ. போட்ட தாளை, எழுத்தில் உறுதி பெற்றுக் கொஞ்சமாக வாங்கினேன். வந்த ரீல்கள் புத்தம் புதியவை. பிரித்து ஊறவைத்து இழுத்தால், 14 விழுக்காடுதான். மீண்டும் அதே கதையா என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆனால் இந்த இடத்தில் ஒருவர் தெரிந்திருக்க வேண்டிய செய்தி உண்டு. பி.ஏ.இ. தாள் இயந்திரத்தின் உலர்த்தும் உருளைகளில் ஒரு பகுதிதான் இறுகுகிறது. மீதி, ரீலாகக் கிடங்கில் கிடக்கும்போது ஒன்றிரண்டு வாரங்களில் மெல்ல நடக்கிறது. சோதனைக்கூடங்களில் 105 டிகிரி வெப்பத்தில் 10 நிமிடம் வைத்து இந்த முதிர்ச்சியை விரைவுபடுத்திப் பார்ப்பார்கள். மில்காரரும் அதையே சொன்னார். எங்கள் தகரக் கொட்டகையின் கோடைச் சூட்டில் ரீல்களைத் தரையில் படாமல் பலகை மேல் ஏற்றி, பிரிக்காமல் வைத்தேன். பிறகு எடுத்துச் சோதித்தபோது 24 விழுக்காடு. இரவு முழுவதும் ஊறவைத்த பட்டையிலும் 22. எனக்கு அந்தக் காலைப்பொழுது மறக்காது. ஆகவே, புதிய ரீல் வந்த மறுநாளே வெட்டி ஒட்டி மரத்துக்கு அனுப்பாதீர்கள்; புதிய ரீலில் குறைந்த எண் வந்ததற்காகத் தாளைத் திருப்பியும் அனுப்பாதீர்கள். ரீலில் உற்பத்தித் தேதி எழுதித் தரச் சொல்லுங்கள். பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே தாள் வீட்டில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ரீலையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப நம்மால் முடியாது. நான் செய்வது இதுதான். இயந்திரத்தில் தாள் ஓடிய திசையில், சோதனை முறைகளில் வழக்கமான 15 மில்லிமீட்டர் அகலத்தில் பட்டைகள் வெட்டி, சோப்புத்தூள் கலந்த தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்கிறேன். காலையில் ஒரு முனையைத் துணி மாட்டும் கிளிப்பால் கொடியில் மாட்டி, மறுமுனையில் இன்னொரு கிளிப்பால் கால் லிட்டர் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலைத் தொங்கவிடுகிறேன். 55 ஜிஎஸ்எம் நல்ல தாள் பாட்டிலைச் சிரமமின்றித் தாங்குகிறது. பழைய மில்லின் தாளில் கிளிப்பை விட்ட நொடியே பாட்டில் தரையில் விழுந்தது. ஒரு ரீலின் தொடக்கத்தில் எடுத்த பட்டைகளோடு நின்றுவிடாமல், நடுவிலும் பார்ப்பது நல்லது. வேறு கனத்தில் தாள் வாங்குகிறவர்கள் தங்களுக்குத் திருப்தியான தாளில் எவ்வளவு எடை நிற்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், அதையே அளவாகக் கொள்ளலாம்.

தாள் சரியான பிறகு பசை காலை வாரியது. எங்கள் பெண்கள் காலங்காலமாக மைதா மாவைக் காய்ச்சி, பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து ஒட்டுகிறவர்கள். உலர்ந்த நிலையில் அது இரும்புப் பிடி. ஆனால் மாவுச்சத்துப் பசை தண்ணீரில் மீண்டும் இளகிவிடும். தாள் நின்றாலும் ஒட்டு பிரிந்து உறை விரிந்துவிடுகிறது. போராக்ஸ் கலந்தால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். போராக்ஸும் மாவுச்சத்தை இணைக்கும் பொருள்தான். நெளியட்டைப் பெட்டி மில்களில் பசைக்குக் கெட்டித்தன்மையும் உடனடி ஒட்டும் தன்மையும் தருவதற்காக அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் அந்த இணைப்பு தண்ணீருக்கு நிற்பது அல்ல. ஓசூரில் குளிர்அறையில் வைத்து ரோஜா அனுப்புகிறவர்களுக்குப் பெட்டி செய்யும் நண்பர் ஒருவருக்கும் இதே தொல்லை. அறையை விட்டு வெளியே எடுத்ததும் பெட்டியின் மேல் ஈரம் பூத்து, அட்டை அடுக்கு அடுக்காகக் கழன்றுவிடும். அவர்கள் மாவுச்சத்துப் பசையோடு ஈரத்துக்கு நிற்கும் ரெசின் ஒன்றைச் சேர்த்து அதைச் சரிசெய்கிறார்கள். எனக்கு அத்தனை இயந்திரம் இல்லாததால், மரத் தச்சர்கள் வாங்கும் வெள்ளைப் பசையிலேயே தண்ணீர் தாங்கும் குறுக்குப் பிணைப்பு ரகத்தை எடுத்தேன். விலை கூடுதல், ஆனால் ஒட்டுப்பட்டை மெல்லியது என்பதால் உறைக்கு ஆகும் செலவு தாங்கும்படியாகவே இருக்கிறது. கடையில் கேட்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல், டப்பாவின் மேல் தண்ணீர் தாங்கும் தரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒட்டிய உறையையும் தாளைப் போலவே இரவு ஊறவைத்துப் பாருங்கள்.

விலை மலிவு என்று யூரியா ஃபார்மால்டிஹைடு போட்ட தாளையும் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். கட்டைப் பிரித்ததும் கண் எரிந்தது. மூடிய அறையில் நாள் முழுவதும் உட்கார்ந்து மடிக்கும் பெண்களுக்கு இது கூடாது என்று அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. பி.ஏ.இ. ரெசினிலும் ஒரு கவனம் வேண்டும். அதைத் தயாரிக்கும்போது குளோரோபுரோபனால்கள் என்ற எச்சங்கள் உண்டாகின்றன. உணவைத் தொடும் தாளுக்கு ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு அமைப்பு பரிந்துரைத்திருக்கும் அளவு, தாளை ஊறவைத்து எடுத்த நீர்ச் சாற்றில், அவற்றில் ஒன்றான 3-எம்.சி.பி.டி. லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது. மற்றொன்றான 1,3-டி.சி.பி. கண்டறியும் அளவிலேயே இருக்கக் கூடாது. எச்சம் குறைந்த புதிய ரகங்கள் சந்தையில் உள்ளன. காயைத் தொட்டுக்கொண்டு இரண்டு மாதம் இருக்கும் உறை என்பதால், உணவுத் தொடர்புக்கு உகந்தது என்ற சான்றை மில்லிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஏற்றுமதி செய்யும் தோட்டக்காரர்கள் எப்படியும் அதைக் கேட்பார்கள்.

வெட்டு மிச்சம் பற்றியும் ஒரு சொல். பழைய தாள் வாங்குகிற கடைக்காரர் முதலில் எடுத்துப் போன வெட்டு மிச்சத்தை மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்து போட்டார். அவர் அனுப்பிய மில்லில், தொட்டியில் கரையாமல் துண்டு துண்டாக மிதந்ததாம். நிலையான ஈர வலிமைத் தாள் சாதாரணத் தண்ணீரில் கூழாகாது; சூடும் காரமும், சில நேரம் ஆக்சிஜனேற்றியும் சேர்த்தால்தான் பிரியும். எல்லா மில்களும் அதைச் செய்வதில்லை. ஆகவே இந்த மிச்சத்தைச் சாதாரணத் தாளோடு கலக்காமல் தனியாகக் கட்டி வைத்து, முன்கூட்டியே சொல்லி விற்க வேண்டும். விலை குறைவாகத்தான் கிடைக்கும். தோட்டத்தில் கழற்றிய உறைகளும் மண்ணில் மட்கச் சாதாரணத் தாளைவிட நாள் எடுக்கின்றன. அவற்றை மரத்தடியில் விடாமல் சேகரித்துவிடும்படி தோட்டக்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன். எரிக்க வேண்டாம் என்றும் சொல்கிறேன், ஏனெனில் ரெசினில் குளோரின் இருக்கிறது.

பணம் திரும்பி வந்ததா என்று பலரும் கேட்கிறார்கள். முதல் தாளை விற்றவர், அடுத்த முறை சரக்கு எடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். நான் ஒப்பவில்லை. சோதனைக்கூட அறிக்கையின் நகலோடு பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். விவகாரம் இன்னும் முடியவில்லை. வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டபோது, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும் என்றார். வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்பதை விற்கிறவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய தொழிலறிவை நம்பி வாங்கினால், சரக்கு அந்தப் பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மாதிரியைக் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் மாதிரியை ஒத்திருக்க வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. என் தொல்லை, நான் பயனைச் சொன்னது முழுவதும் வாய்மொழியாக இருந்தது என்பதுதான். சிறு தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறோம், வாட்ஸ்அப்பில் ஒரு வரி கூட இருப்பதில்லை.

இப்போது நான் கொடுக்கும் கொள்முதல் ஆணையில் இப்படி எழுதுகிறேன்: மாங்காய் உறைக்காக, மரத்தில் இரண்டு மாதம் மழையில் இருக்கும் பயனுக்கு, 55 ஜிஎஸ்எம், பி.ஏ.இ. ரெசின், 24 மணி நேரம் ஊறிய பிறகு உலர்வலிமையில் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல், ஒவ்வொரு ரீலிலும் உற்பத்தித் தேதி, உணவுத் தொடர்புச் சான்று இணைப்பு, முதிர்ந்த பிறகு சோதித்துத் தேறாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். மில் கையெழுத்திட்டு அனுப்பிய பிறகே முன்பணம் போகிறது. ஒரு மில் இதற்கு மறுத்தது, இரண்டு மில்கள் மறுப்பில்லாமல் ஒப்பின. சந்தேகம் வந்தால் சோதனைக்கு அனுப்ப, இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்தின் சென்னை மையமும், உத்தரப் பிரதேசம் சஹாரன்பூரில் உள்ள மத்தியக் கூழ் மற்றும் தாள் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. அனுப்பும்போது எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்பதை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் குறுகிய நேர எண்தான் வரும். போச்சம்பள்ளிப் பெரியவர் இந்தப் பருவத்துக்கும் என்னிடமே உறை சொல்லியிருக்கிறார். ஒட்டிய உறை ஒன்றை அவர் வீட்டு அண்டாவில் இரண்டு நாள் ஊறப்போட்டு, கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தார்.